கம்பியில் நின்ற பன்னிரண்டு கிலோ

இந்தப் பெஞ்சு தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எங்கே போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். கல்யாண மண்டபமானாலும் சரி, துக்க வீடானாலும் சரி, செத்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் பிளாஸ்டிக் நாற்காலியின் காலைப் பார்க்கும். இது இரும்புக் கால், கனமான பலகை, தாங்கும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஜெசிந்தா சிஸ்டர் என்னை மேசைக்குக் கூப்பிட்டு, முகக்கவசத்தை இழுத்துச் சரி செய்துகொண்டே, "ரெண்டு மாசம் மாத்திரை முடிஞ்சும் சளியில இன்னும் கிருமி இருக்குதுங்ணா, எடை பாத்துட்டு டாக்டருகிட்டப் போயிருங்க" என்றார். சரிங் என்றேன். கரண்ட் போயிருக்கிறது என்று யாராவது சொன்னால் சரி என்போமே, அப்படி. மனசு கிருமி என்ற சொல்லில் நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போய் எடை என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எனக்கு முன்னால் ஆறு பேர். மூலையில் சுவரோரம் எடை மெஷின், புதுசு, சிவப்பு எண் ஓடுகிறது. ஏற முடியாதவர்கள் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதித்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக ஏற ஏற ஆயாம்மா எண்ணைப் பார்த்து, கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்கிறார். "நாப்பத்தொண்ணு!" "முப்பத்தெட்டரை!" சிஸ்டர் அட்டையில் எழுதிக்கொள்கிறார். காசநோய்ப் பிரிவு இது, எண்கள் இந்த மட்டில்தான் இருக்கும். இப்போது ஏறிய அம்மாளுக்கு ஒரு கிலோ கூடியிருக்கிறது போல, ஆயாம்மா "பரவால்ல, தேறிட்டே" என்று முதுகில் தட்டுகிறார். எடை கூடினால் பாராட்டுகிற இடம் இந்த ஊரில் இது ஒன்றுதான். அங்கே கொண்டுவந்து என்னை உட்கார வைத்திருக்கிறது இந்த இருமல். சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வரும் என்று அடக்கிக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் சோறு தின்பதே எடை போட்டுத்தான். பைபாஸ் ரோட்டில் லாரி எடை மேடை, இருபத்திரண்டு வருஷமாக நான்தான் அங்கே ஆபரேட்டர். லாரி மேடையில் ஏறும், கண்ணாடி அறைக்குள் என் முன்னால் எண் ஆடும். ஆடுகிற எண்ணை எழுதக்கூடாது, நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டும். டிரைவர் இறங்கிவிட்டானா என்று பார்க்க வேண்டும். எல்லாச் சக்கரமும் மேடைக்குள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்சக்கரத்தை ஒரு சாண் வெளியே விட்டு நிறுத்துவான்; அந்த ஒரு சாணில் நாலைந்து டன் தரையில் நின்றுவிடும், எண்ணில் வராது. கொழுத்த கல் லாரிக்காரன் ஒருத்தன், என்னைப் பார்த்தால் அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான், "ஏண்ணா, பொழப்பக் கெடுக்கறீங்க" என்பான். நான் ஜன்னல் வழியாகக் கத்துவேன், முழுசா ஏத்து, முழுசா ஏத்துடா. அர்த்தநாரி இருக்கிற மேடையில் இந்த வேலையெல்லாம் செல்லாது என்று சேலம் வரைக்கும் பெயர். அந்த அர்த்தநாரி ஆளில்லாத ஒரு மத்தியானத்தில் தானே அந்த மேடையில் ஏறி நின்றதும், ஓடிப்போய் உள்ளே எண்ணைப் பார்க்க முடியாமல் செல்போனைக் கண்ணாடிக்கு முன்னால் வீடியோவில் வைத்துவிட்டு வந்து மறுபடி நின்றதும் யாருக்கும் தெரியாது. லாரி மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். நூற்றிருபது என்று காட்டியது. நூற்றுப் பதினாறாக இருக்கும், மெஷின் மேலே தள்ளிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிரைவர்கள் சொல்வதும் இதைத்தான்.

அது போன வருஷம், இருமல் ஆரம்பித்த சமயம். இருமலுக்கு மூன்று டாக்டரைப் பார்த்தேன். மூன்று பேரும் நான் அறைக்குள் நுழையும்போதே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள், உட்கார வேண்டிய அவசியம்கூட இல்லை. உடம்பைக் குறைங்க. முழங்கால் வலியா, உடம்பைக் குறைங்க. மூச்சு வாங்குகிறதா, உடம்பைக் குறைங்க. சர்க்கரை வந்ததற்கும் அதுதான், அதிலாவது நியாயம் இருந்தது. காது வலி என்று போனாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். சட்டையைக் கழற்றி முதுகில் குழாயை வைத்துப் பார்த்தால் இந்தக் கொழுப்புக்கு அந்தப் பக்கம் என்ன சத்தம் கேட்டிருக்குமோ, ஒருத்தரும் வைக்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, எலும்புருக்கி நோய் என்றுதான் பழைய ஆட்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், என்னிடம் எலும்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அதற்கு ஒரு வருஷம் ஆகியிருக்கும். பிறகு இளைக்க ஆரம்பித்தேன். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது, இரண்டாவது ஓட்டை போனது. என் மனைவி சுலோச்சனாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவள் வைத்துக்கொடுத்த கொள்ளு ரசத்தின் பலன் என்று தெரு முழுக்கச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி ஒரு டம்ளர் வாங்கிப் போய்க் குடித்துப் பார்த்தாள், பக்கத்து வீட்டு டீச்சர் பக்குவம் எழுதிக்கொண்டு போனாள். சாயங்காலம் ஆனால் காய்ச்சல் மாதிரி ஒரு கதகதப்பு, அதையும் கொழுப்பு கரைகிற சூடு என்று அவள் சொன்னாள், நானும் நம்பினேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரிதாக ஒன்றும் செய்யாமல் இளைத்துக்கொண்டிருந்தேன். கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் எக்ஸ்ரே எடுத்தது. இங்கே இருக்கிற டாக்டர், சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னார்: "சதை இருக்கறவங்களுக்கு இந்த நோய் கம்மியாத்தான் வருமுங்க. ஆனா சர்க்கரை சேந்துருச்சுன்னா அந்தப் பாதுகாப்பு போயிரும், கிருமிக்குக் கதவத் தொறந்து விட்ட மாதிரி." வீட்டுக்கு வந்து சுலோச்சனாவிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்த ரசத்தை அப்படியே கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினாள்.

இங்கே என் படிவத்தில் அந்தத் தப்பான எடையை எழுதியது எப்படி என்று யோசிக்கிறேன். யோசிக்க ஒன்றுமில்லை, தெரியும். பதிவு செய்த முதல் நாள் இந்த மெஷின் இல்லை, பழைய மெஷின் இருந்தது, அது அன்றைக்கு வேலை செய்யவில்லை. கூட்டம் வேறு. என் கையெழுத்து நன்றாக இருக்கும், இருபத்திரண்டு வருஷமாகச் சீட்டு எழுதுகிற கை. பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கு நான்தான் படிவம் எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "உங்களதும் நீங்களே எழுதிக் குடுத்துருங்ணா, எடை தெரியுமில்லீங்க?" என்றார். தெரியுமுங்க என்றேன். பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதி எடைக்கு வந்ததும் பேனா நின்றது. கண்ணாடி அறையில் எண் ஆடுமே, அந்த மாதிரி கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு எழுபத்து நாலு என்று எழுதினேன். வாய்க்கு வந்ததை எழுதவில்லை. அது நிஜமான எடை, கல்யாணமான நாலாம் நாள் ஈரோடு ஜங்ஷனில் காசு போட்டால் அட்டை தருகிற மெஷினில் ஏறிப் பார்த்தது. ரிக் லாரியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த காலம், உடம்பு முறுக்காக இருந்தது. சுலோச்சனா அந்த அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்து, புது உறவால் நன்மை உண்டு என்று அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு வெட்கப்பட்டாள். இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய எடை. பழைய சீட்டைக் கொண்டுவந்து காட்டுகிற டிரைவரை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன். சிஸ்டர் படிவத்தை வாங்கி, மற்ற படிவங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார். ஆளையும் எண்ணையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை, அன்றைக்கு அறுபது பேர். மாத்திரை அட்டை கொடுத்தார், தினம் அஞ்சு, வெறும் வயித்துல, ஒரு நாளும் விட்டுறக் கூடாது. ஒரு நாளும் விடவில்லை. அது சத்தியம்.

போன் அடிக்கிறது, சுலோச்சனா. எடுக்காமல் விட்டால் மூன்று தடவை அடிப்பாள். "ஏனுங், ரிசல்ட் வந்துருச்சுங்களா?" இன்னும் கூப்பிடலை என்றேன். இரண்டாவது பொய் இவ்வளவு லேசாக வந்தது எனக்கே ஆச்சரியம்தான். "வெள்ளிக்கெழம வளைகாப்பு முடிஞ்ச கையோட தாரணியக் கூட்டியாந்தரலாமுன்னு அவிய மாமியாருகிட்டச் சொல்லிப்போட்டேனுங். காரும் சொல்லியாச்சு. ரெண்டு மாசம் மாத்தர தின்னா ஒட்டாதுன்னு டாக்டரம்மா அன்னைக்குச் சொன்னாங்கல்ல?" சொன்னார்கள்தான். சளி சுத்தமாகிவிட்டால் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்கள், அதை அவள் விட்டுவிட்டாள், நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. தாரணிக்கு இது தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம், ஆனால் என் வீட்டில் ஒரு தடவைதான் நடக்கும், இருப்பது ஒரே பெண். அவள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கொசுவலை மாட்டி, கட்டிலைக் காற்று வரும் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறோம். ரெண்டு மாதமாக நான் முன்னறையில் தனியாகப் படுக்கிறேன், எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பாத்திரத்தில் ஒட்டாதுங்க, மூச்சிலும் இருமலிலும்தான் என்று சிஸ்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன், சுலோச்சனா கேட்கவில்லை. பெண் வருகிற அன்றைக்கு அந்தத் தட்டை உள்ளே எடுத்து வைத்துவிடலாம் என்று இருந்தேன். "என்னங், பேச்சையே காணம்?" "கூப்புடறாங்க, அப்புறம் பேசறேன்." யாரும் கூப்பிடவில்லை. ஆயாம்மா "நாப்பத்தாறு" என்றார்.

வரிசையில் எனக்கு முன்னால் இருப்பவர் பரோட்டா மாஸ்டர், பழனிமுத்து என்று பெயர் சொன்னார். இங்கே வருகிறவர்களில் என்னை விட்டால் கொஞ்சம் சதையுள்ள ஆள் இவர்தான், அதனாலேயே பேச்சுக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். சட்டைப் பையில் மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. "காலைல எந்திரிச்சதும் இத முழுங்கறதுதாங்ணா பெரிய ரோதன. ஆறு மாத்தர. ஒண்ணொண்ணும் பருத்திக்கொட்ட மாதிரி." எனக்கு அஞ்சுதான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்க்கவில்லை, மரியாதையானவர், முகத்தை மட்டும்தான் பார்த்தார், ஆனால் பார்க்காமல் விட்ட இடமெல்லாம் எனக்குச் சுட்டது. "அதெப்படிங்ணா? எடைக்குத் தக்கனதுதான் மாத்தரைன்னு சிஸ்டர் சொன்னாங்களே. நான் எம்பத்தி ரெண்டு. எழுவத்தஞ்சுக்கு மேல போனா ஆறுன்னாங்க. உங்களுக்குச் சர்க்கர இருக்குதுன்னு கொறச்சுருப்பாங்களாட்டருக்குது." இருக்கும் என்றேன். இருக்காது. சர்க்கரைக்கு யாரும் குறைக்கவில்லை, குறைத்தவன் நான். பேனா பிடித்து எழுதிக் குறைத்தவன். முப்பத்து நாலு கிலோவை அழித்ததில் ஒரு மாத்திரை போயிருக்கிறது. ஒரு மாத்திரைதானே என்று ஒரு பக்கம் தோன்றுகிறது, அறுபது நாளைக்கு அறுபது மாத்திரை என்று இன்னொரு பக்கம் தோன்றுகிறது. ஆறு பேர் தூக்க வேண்டிய பாரத்துக்கு ஐந்து பேரை அனுப்பியிருக்கிறேன். அந்த ஐந்தும் என் கொழுப்புக்குள் வழி தெரியாமல் சுற்றி, நுரையீரலுக்குப் போய்ச் சேரும்போது எவ்வளவு மிச்சம் இருந்ததோ. கிருமி சாகாமல் அடி மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருக்கிறார், அரைகுறையாகச் சாப்பிட்டால் அது மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் அடங்காது, அதை அடுத்தவருக்குக் கொடுத்தால் அவருக்கும் அடங்காது. நாளைத் தவறவிடுகிறவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எழுந்து போய்விடலாமா. சிஸ்டர் மேசையில் குனிந்து எழுதுகிறார், ஆயாம்மாவுக்கு முதுகு இந்தப் பக்கம். வயிறு சரியில்லை, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னால் யாரும் தடுக்கப் போவதில்லை. திங்கட்கிழமை வந்தாலும் மெஷின் இங்கேதான் இருக்கும். ஏறினால் என்ன காட்டும், நூற்றெட்டோ நூற்றுப் பத்தோ. அட்டையில் எழுபத்து நாலு. காசநோய் வந்து இரண்டே மாதத்தில் முப்பத்தைந்து கிலோ ஏறிய ஒரே மனிதன் என்று என்னைப் படம் எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். ஆக, ஏறினால் சொல்ல வேண்டும், சொல்லாமல் ஏற முடியாது. எனக்கு உண்மையில் எதில் பயம்? சாவதிலா? இல்லை, அது ஏதோ தள்ளிப்போட்ட காரியம் மாதிரி இருக்கிறது. தாரணியின் குழந்தைக்கு ஒட்டிவிடுமோ என்பதிலா? அது பயம்தான். ஆனால் அதற்கும் முன்னால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, முன்னால் நின்று வழியை மறிப்பது ஆயாம்மாவின் குரல். கூடம் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர்கள் வந்தபோது டிரில் மாஸ்டர் இப்படித்தான் எடையைக் கத்திச் சொன்னார், முப்பத்து நாலு, முப்பத்தாறு, முப்பத்திரண்டு, அப்புறம் நான். எழுபத்தொன்று என்றதும் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பையன்கள் கைதட்டினார்கள். கேலிக்குத்தான் தட்டினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, சந்தோஷமாகத் தட்டினார்கள், அதுதான் தாங்கவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன், சிரித்துக்கொண்டே இறங்கினேன். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. டிரில் மாஸ்டர் செத்துப்போய்விட்டார், கைதட்டினவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு என்னைவிடத் தொந்தி வைத்திருக்கிறார்கள், ஆனால் நான் இன்னும் அந்த மெஷினை விட்டு இறங்கவில்லை. இந்த வெட்கத்தைப் பேரப்பிள்ளைக்கு முன்னால் வைத்து எது கனம் என்று பார்க்கிற மாதிரி ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான், அதுவும் எடை போடுகிறவன். பழனிமுத்து எழுந்து போனார். "எம்பத்தி மூணரை!" என்றார் ஆயாம்மா, "மாஸ்டரு, உங்க கடைப் பரோட்டாவ நீங்களே திங்கறீங்களா?" கூடமே சிரித்தது, அவரும் சிரித்தார். அடுத்தது நான்.

ஏறினேன். மெஷினின் மேடை சின்னது, என் இரண்டு பாதமும் ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. தடுமாறவில்லை, ஆனாலும் இடது கை தன்பாட்டுக்குப் போய்ச் சுவர்க் கம்பியைப் பிடித்தது. பிடித்தது மட்டுமில்லை, ஊன்றியது. நான் ஊன்றச் சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனால் கை யாருடையது. என் உடம்பே என் கையை மறைத்துக்கொண்டிருந்தது, ஆயாம்மா நின்ற பக்கத்திலிருந்து கம்பி தெரியாது. எண் ஏறியது, ஆடியது, நின்றது. "தொண்ணூத்தாறு!" கூடம் ஒன்றும் சிரிக்கவில்லை. யாரோ இருமினார்கள். அந்தக் கோடியில் சிஸ்டர் என் அட்டையைத் தேடிப் புரட்டுகிறார். எனக்குள் கணக்கு ஓடுகிறது: எழுபத்தைந்துக்கு மேல் எதுவானாலும் ஆறுதான், தொண்ணூற்றாறு போதும், மாத்திரை சரியாகிவிடும், அன்றைக்குத் தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, மூன்று இலக்கம் யார் காதிலும் விழ வேண்டியதில்லை. பின்சக்கரம் ஒரு சாண் வெளியே. பன்னிரண்டு கிலோ கம்பியில் நிற்கிறது. அந்தக் கல் லாரிக்காரன் முகம் ஞாபகத்துக்கு வந்தது, எவ்வளவு அப்பாவியாக வைத்திருப்பான், என் முகமும் இப்போது அப்படித்தான் இருக்கும். நாளைக்கு மருந்துக்கு அடங்காத கிருமி என்று வந்து வேறு மருந்து கொடுத்தால் அதையும் இந்தத் தொண்ணூற்றாறைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதுவும் சரிப்படாமல் போனால், நான் வாசலில் நிற்க, குழந்தையை ஜன்னல் வழியாகக் காட்டுவார்கள். "எறங்குங்கய்யா, அடுத்த ஆளு" என்றார் ஆயாம்மா. "இல்லீங், இன்னொருக்காப் பாருங்க" என்றேன், குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது, ஜன்னல் வழியாகக் கத்திப் பழகிய குரல். "கை கம்பியில இருந்துச்சுங்." கையை எடுத்தேன். எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். குதிகால் இரண்டும் மேடைக்குள் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க முடியவில்லை, காலால் தடவிப் பார்த்தேன், இருந்தது. எண் மறுபடி ஆடியது. நிற்கட்டும் என்று காத்திருந்தேன். ஆயாம்மா இந்த முறை கத்தவில்லை, என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார், "நூத்தியெட்டு." சிஸ்டர் "என்னங்க்கா, கேக்கல" என்றார். ஆயாம்மா என்னைப் பார்த்தார். "நூத்தியெட்டுங்க சிஸ்டர்" என்று நானே சத்தமாகச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் தன் முறை எப்போது என்று கேட்டாள், அவ்வளவுதான்.

சிஸ்டர் அட்டையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதுல எழுவத்தி நாலுன்னு இருக்குதேங்ணா?" நான்தான் எழுதினேன், பொய்யாக எழுதினேன் என்றேன். அவர் பேனா மூடியைப் போட்டுத் திறந்தார், மறுபடி போட்டுத் திறந்தார். "அன்னைக்கு நான் ஒரு பார்வ பாத்துருக்கோணும்" என்று அட்டையிடம் சொன்னார். கோபமா அழுகையா என்று தெரியவில்லை, முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாத்திரை குறைந்ததாலும் இருக்கலாம், சர்க்கரை கட்டுக்குள் இல்லாததாலும் இருக்கலாம், கிருமி மருந்துக்குப் பழகியிருக்கலாம், இன்னொரு சளி அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பெண் வருவதைப் பற்றிக் கேட்டேன். "சளி சுத்தமாகற வரைக்கும் வேண்டாமுங்க. மாசமா இருக்கறவங்களையும் பொறந்த கொழந்தையையும் உங்ககிட்ட விட முடியாது." எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு அவரிடம் எண் இல்லை. வெளியே வந்து வேப்பமரத்துக்கு அடியில் நின்று சுலோச்சனாவுக்குப் போன் செய்தேன். காரை வேண்டாமென்று சொல்லிரு என்றேன், கிருமி போகவில்லை என்றேன், எடையைப் பொய்யாக எழுதிய கதையையும் சொன்னேன். பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது. "ஒரு நம்பருக்காகவாங்?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டாள். திட்டுவதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது, சாயங்காலம் திட்டுவாள்.

தாரணிக்கு நானே சொல்வதுதான் சரி. எடுத்ததும், "சொல்லுங்ப்பா, வெள்ளிக்கெழம எத்தன மணிக்கு வாரீங்க?" என்றாள். நான் வரலை கண்ணு, அம்மா மட்டும் வருவா, நீயும் அங்கேயே இரு, பிரசவம் அங்கேயே பார்த்துக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன், எண்ணையும் சேர்த்துச் சொன்னேன். இன்றைக்கு மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், நாக்குக்கு லேசாகிக்கொண்டு வருகிறது. அவள் அழுதாள். எனக்காக இல்லை, அந்த அறைக்காக அழுதாள், கட்டிலைத் திருப்பிப் போட்டதை அவளிடம் ஏற்கனவே சொல்லியிருந்தோம். அழட்டும் என்று காத்திருந்தேன். இது என் ஒரே பெண், இவள் வந்து படுக்க வேண்டிய கட்டிலில் என் பொய் படுத்திருக்கிறது, எனக்கு இப்போதுதான், இந்த மரத்தடியில்தான், அது உறைத்தது. கையில் புது மாத்திரை அட்டை, நாளையிலிருந்து ஆறு. "கண்ணு, கொழந்த பொறந்ததும் மொதல்ல எனக்குத்தான் போன் பண்ணோணும். ஆணா பொண்ணான்னு சொல்லு. எத்தன கிலோன்னு சொல்லு. கூட்டாமக் கொறைக்காம, சரியாச் சொல்லோணும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நான் ஏதோ பைத்தியம் மாதிரிப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

"கொழந்தையோட எடையில யாருங்ப்பா பொய் சொல்லுவாங்க?" என்றாள்.